வெடைக்கோழிகளைப் பழைய கூட்டத்தில் சேர்ப்பது எப்படி? முதல் இரவிலேயே காயம்

எலுமிச்சைத்தோட்டம், ஜனவரி 27

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் நான்கு ஆண்டுகளாகச் சிறுவிடை இன நாட்டுக்கோழிகள் வளர்த்து வருகிறோம். இப்போது 9 பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பகல் முழுவதும் தோட்டத்தில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் தாமாகவே கூட்டுக்கு வந்து அடைந்துவிடும். கூடு 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. உள்ளே 6 அடி நீளத்தில் இரண்டு மூங்கில் கம்புகளைக் குறுக்கே கட்டியிருக்கிறோம்.

பெட்டைகளில் மூன்றுக்கு வயதாகி முட்டை குறைந்துவிட்டதால், சென்ற வாரச் சந்தையில் இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளாக 6 வெடைக்கோழிகள் வாங்கி வந்தேன். பத்து வாரம் ஆனவை என்று விற்றவர் சொன்னார். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டதற்கு "எல்லாம் போட்டாச்சு" என்பதே பதிலாக வந்தது. எதைப் போட்டார், எப்போது போட்டார் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இருட்டிய பிறகு கூட்டுக்குள் விட்டால் பழைய கோழிகளுக்குத் தெரியாது, காலையில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று பக்கத்துத் தோட்டத்தார் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தேன். மறுநாள் நான் எழுந்து கூட்டைத் திறக்க ஆறே முக்கால் ஆகிவிட்டது. ஒரு வெடையின் தலையில் கொண்டைக்குப் பின்புறம் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மற்ற ஐந்தும் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தலையைச் சுவருக்குள் நுழைத்தபடி ஒடுங்கிக் கிடந்தன. எங்களிடம் கருப்பி என்று ஒரு பெட்டை இருக்கிறது. அதன் அலகில் சிறு இறகு ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது புதியவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இவற்றை எப்போது, எந்த முறையில் சேர்க்க வேண்டும்? கருப்பியை விற்றுவிடுவதுதான் வழியா?

மேட்டுக்காடு, ஜனவரி 27

வணக்கம் தம்பி. முதலில் காயத்தைக் கவனியுங்கள். உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்துவிட்டு, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். இரத்தச் சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். கூட இருக்கும் ஐந்து வெடைகளே அதைக் கொத்தத் தொடங்கிவிடக்கூடும். ஆகவே சிவப்பு நிற மருந்து எதையும் தடவ வேண்டாம். புண் காய்ந்து பொருக்கு விழும் வரை அந்த ஒன்றைத் தனியாக வையுங்கள். ஆனால் மற்றவற்றின் கண்ணில் படும்படியாகவே வையுங்கள். அறவே பிரித்துவிட்டால் அதுவும் திரும்பி வரும்போது அந்நியக் கோழியாகிவிடும்.

அடுத்து, பத்து வாரத்துக் கோழியை வெடை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எங்கள் கணக்கில் அது இன்னும் வளர்ந்த குஞ்சுதான். சிறுவிடையில் அந்த வயதுக்கு அரைக் கிலோ எடை இருந்தாலே அதிகம். உங்கள் பழைய பெட்டைகள் ஒன்றேகால் கிலோவாவது இருக்கும். இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள கோழி கொத்தினால் அதைத் தாங்கும் உடம்பு அவற்றுக்கு இல்லை. உருவத்தில் முக்கால் பங்காவது வளரும் வரை, அதாவது 16 வாரம் வரைக்கும், ஒரே கூட்டில் அடைக்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். "கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா" என்பது தாய்க்கோழியைப் பற்றிய பேச்சு. பெற்றெடுக்காத குஞ்சைக் கோழி மிதிக்கும், கொத்தும், துரத்தும். விட்டுவிட்டால் கொல்லவும் செய்யும்.

நான் 15 ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் முறை பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடைதான். பழைய கோழிகள் பகலில் புழங்கும் இடத்திலேயே, மர நிழலில், பெரிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் புதியவற்றை விடுவேன். பார்க்க வேண்டும், குரல் கேட்க வேண்டும், ஆனால் தொட முடியக் கூடாது. முதல் இரண்டு நாள் பழைய பெட்டைகள் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மூங்கில் இடுக்கு வழியாகக் கொத்தவும் பார்க்கும். இடுக்கு அகலமாக இருந்தால் வெளிப்புறம் ஒரு முழ உயரத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். நான்காம் ஐந்தாம் நாளில் பஞ்சாரத்தை ஒட்டியே படுத்து மண்ணில் புரளத் தொடங்கும். அப்படிப் புரள்வதைப் பார்க்கும் வரைக்கும் திறக்காதீர்கள். எனக்கு அதற்குப் பத்து நாளும் ஆகியிருக்கிறது, மூன்று வாரமும் ஆகியிருக்கிறது.

பஞ்சாரத்தின் மேல் கனமான கல்லை வைக்க மறக்காதீர்கள். கீரிக்கும் நாய்க்கும் அதைக் கவிழ்க்கத் தெரியும். நிழல் நகர்வதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணிக்கு நிழலில் இருந்த பஞ்சாரம் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் இருக்கும். ஓடி ஒதுங்க வழியில்லாத கோழி அரை மணி நேரத்தில் வாயைப் பிளந்துவிடும்.

களத்துமேடு, ஜனவரி 27

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேட்டுக்காடு அம்மா சொன்ன முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பஞ்சாரத்தை இப்போதே பழைய கோழிகளின் நடுவில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. கொத்துக் காயம் ஒரு கோழியைக் கொல்லும் என்றால், சந்தையிலிருந்து வந்த நோய் கூட்டையே காலி செய்துவிடும். சந்தையில் பத்து ஊர்க் கோழிகள் ஒரே சாக்கு விரிப்பில் காலைக் கட்டிக் கிடக்கின்றன. வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் தொற்றிய கோழி பெரும்பாலும் ஐந்தாறு நாளில் நோயைக் காட்டும் என்றாலும், சிலவற்றில் இரண்டு வாரம் வரையும் வெளியே தெரியாமல் இருக்கலாம். சளி நோய்க் கிருமியைச் சுமக்கும் கோழியோ பார்வைக்கு நலமாகவே இருந்து, கூடு மாறிய அயர்ச்சியில்தான் தும்மத் தொடங்கும். ஆகவே வாங்கி வந்த நாளிலிருந்து 30 நாள் தனிமை என்பது என் கண்டிப்பான கருத்து.

ஓர் இரவு ஏற்கெனவே சேர்ந்திருந்துவிட்டனவே, இனித் தனிமைப்படுத்தி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த இரவில் தொற்றியது தொற்றியதுதான். அதைத் திருப்ப முடியாது. ஆனால் நோய் வெளிப்படும் நாளில் ஆறு கோழிகள் ஓரிடத்திலும் பத்து கோழிகள் வேறிடத்திலும் இருந்தால், எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க உங்களுக்கு இடம் இருக்கும். வீட்டின் மறுபக்கத்தில், காற்று பழைய கூட்டை நோக்கி வீசாத திசையில் வையுங்கள். தினமும் பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, புதியவற்றிடம் கடைசியாகப் போங்கள். தண்ணீர்த் தட்டும் துடைப்பமும் தனித்தனியாக இருக்கட்டும். நம்மில் பலர் கோழியைப் பிரித்து வைத்துவிட்டு, ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு இடத்துக்கும் நடக்கிறோம். எச்சம் செருப்பில்தான் பயணம் செய்கிறது.

"எல்லாம் போட்டாச்சு" என்பதைப் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சுப் பருவத்தில் 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து கொடுத்திருந்தாலும், 8 வாரத்துக்குப் பிறகு இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தனியாகப் போட்டாக வேண்டும். பிப்ரவரியில் நம் மாநிலக் கால்நடைத் துறை இந்த வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமை ஊர் ஊராக நடத்துவது வழக்கம். உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருந்தகத்தில் நாளைக் கேட்டு, பழையவை புதியவை எல்லாவற்றுக்கும் அப்போது போட்டுவிடுங்கள். கழிச்சலோ சளியோ உள்ள கோழிக்குப் போடக் கூடாது. எதிர்ப்பாற்றல் முழுதாக உருவாக இரண்டு வாரம் விட்டுவிட்டு அதன் பிறகு சேர்த்தால் போதும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. புதியவை பழையவற்றுக்கு நோயைத் தருவதைப் போலவே, பழையவையும் புதியவற்றுக்குத் தரும். உங்கள் தோட்ட மண்ணில் இரத்தக்கழிச்சல் நோயின் முட்டைகள் இருக்கக்கூடும். பழைய கோழிகள் அதிலேயே வளர்ந்து எதிர்ப்பாற்றல் பெற்றவை. அவை நோயின்றித் திரிந்தாலும் எச்சத்தில் அதை விட்டுக்கொண்டிருக்கும். பொரிப்பகத்தில் பிறந்து கம்பித் தரையில் வளர்ந்த வெடைக்கு அந்த மண் புதிது. சேர்த்த ஐந்து முதல் ஏழு நாளில் எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, இறகைத் தூக்கிக்கொண்டு கண்மூடி நின்றாலோ, கொத்துப் பட்ட பயத்தில் நிற்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரில் கலந்து கொடுக்க ஆம்புரோலியம் மருந்தை அவர் எழுதித் தருவார். கூட்டுத் தரை ஈரமாக இருந்தால் எந்த மருந்தும் முழுப் பயன் தராது.

சேவற்கொடி, ஜனவரி 28

இரவில் சேர்ப்பதைத் தவறு என்று மேலே யாரும் சொல்லவில்லை என்றாலும், கேள்வி கேட்டவர் அப்படி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதால் எழுதுகிறேன். நான் எப்போதும் இரவில்தான் சேர்க்கிறேன். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. கம்பில் அடைந்த கோழியைத் தூக்கினாலும் முரண்டு பண்ணாது. பழைய கோழிகளுக்கு இடையில் ஒவ்வொன்றாகக் கம்பில் உட்கார வைத்துவிட்டால் சத்தம் இல்லாமல் இரவு கழிந்துவிடும். நீங்கள் புதியவற்றைக் கம்பில் வைத்தீர்களா, தரையில் விட்டீர்களா? தரையில் விட்டிருந்தால், விடியற்காலையில் மேலிருந்து இறங்கும் கோழிகளின் காலடியில் அவை சிக்கிக்கொண்டிருக்கும்.

மேட்டுக்காடு, ஜனவரி 28

தம்பி, இரவு என்பது மறைப்பே தவிர அறிமுகம் ஆகாது. இருட்டில் வைத்த கோழி விடிந்ததும் புதுக்கோழிதான். ஒன்றையொன்று கொண்டையையும் முகத்தையும் பார்த்து அடையாளம் வைத்திருக்கும் பிராணிகள் அவை. ஒரு பெட்டை அடைக்குப் போய் மூன்று வாரம் தனியாக இருந்துவிட்டு வந்தாலே மற்றவை அதை ஒரு கை பார்த்துத்தான் உள்ளே விடுகின்றன. பஞ்சாரத்தில் பழகி முடிந்த பிறகு, கடைசிப் படியாக இரவில் கம்பில் ஏற்றி வைப்பதை நானும் செய்கிறேன். முதல் படியாக அதைச் செய்வதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, விடிந்த பிறகும் கூட்டைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டிய கூட்டில் தோற்ற கோழிக்கு ஓட இடமில்லை. தை மாதத்தில் ஆறரைக்கெல்லாம் உள்ளே வெளிச்சம் பரவத் தொடங்கிவிடும். நீங்கள் திறந்தது ஆறே முக்கால்.

சேவற்கொடி, ஜனவரி 28

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. நான் ஐந்தரைக்கே திறந்துவிடுவதால் அந்தச் சிக்கல் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

எலுமிச்சைத்தோட்டம், ஜனவரி 29

அனைவருக்கும் நன்றி. தரையில்தான் விட்டேன், அது தவறு என்று இப்போது புரிகிறது. புதியவற்றை வீட்டின் மறுபக்கத்து மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். காயம் பட்டது தீனி எடுக்கிறது. மேலும் மூன்று கேள்விகள். பழைய கோழிகளுக்குக் கம்பும் சோளமும் தவிர, மாலையில் கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனமும் வைக்கிறேன். சேர்த்த பிறகு புதியவையும் அதையே உண்ணலாமா? கூட்டில் 16 கோழிகளுக்கு இடம் போதுமா? கருப்பியை என்ன செய்வது?

களத்துமேடு, ஜனவரி 30

தீவனத்தைப் பற்றிச் சொல்கிறேன். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் ஓடு உருவாவதற்காகச் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது. வளரும் கோழிக்குத் தேவை ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். முட்டைக்கு வராத கோழி மாதக்கணக்கில் அந்தத் தீவனத்தையே உண்டால், மிகுந்துபோன சுண்ணாம்பை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெட்டுவிடும். அதனால் எல்லாக் கோழிகளுக்கும் வளர்கோழித் தீவனத்தையே வையுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் ஓரமாக வைத்துவிட்டால், முட்டையிடும் பெட்டைகள் தேவையானதைத் தாமே கொத்திக்கொள்ளும். வெடைகள் அதை அவ்வளவாகத் தொடமாட்டா. கம்பிலும் சோளத்திலும் சுண்ணாம்பு மிகக் குறைவு என்பதால், அவற்றை எல்லாம் சேர்ந்து உண்பதில் கவலை இல்லை. முதல் வெடை முட்டையிட்ட பிறகு பழைய தீவனத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். சிறுவிடை முட்டைக்கு வர ஆறு மாதம் வரை ஆகும். முகமும் கொண்டையும் வெளிறிய நிறத்திலிருந்து சிவக்கத் தொடங்குவதே அறிகுறி.

மேட்டுக்காடு, ஜனவரி 30

கம்பில் ஒரு கோழிக்கு 8 அங்குலம் வேண்டும். 16 கோழிக்கு 128 அங்குலம். உங்கள் இரண்டு கம்புகளும் சேர்ந்து 144 அங்குலம். உட்காரும் கணக்குக்கு இடம் போதும், சண்டைக் கணக்குக்குப் போதாது. மூன்றாவதாக ஒரு கம்பைக் கட்டிவிடுங்கள். மூன்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். உயரம் மாறினால் மேல் கம்புக்காகத் தினமும் மாலையில் ஒரு சண்டை நடக்கும். பகலில் தோட்டத்தில் திரிவதால் மற்ற இடம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

தோட்டத்திலும் மூலைகள் இருக்கும். சுவரும் வேலியும் கூடும் இடத்தில் துரத்தப்பட்ட கோழி மாட்டிக்கொண்டு தலையைக் கொடுத்துவிடும். அங்கெல்லாம் தென்னை மட்டையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும்படி இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரு மட்டையின் மறைவு போதும். துரத்தும் கோழிக்குக் கண்ணில் படாவிட்டால் பாதிக் கோபம் போய்விடும். தீனியையும் தண்ணீரையும் மூன்று இடத்தில், ஓரிடத்தில் நின்றால் மற்றதைக் காவல் காக்க முடியாத தொலைவில் வையுங்கள். சேர்க்கும் முதல் சில நாள் முருங்கைக்கீரையையோ அகத்தியையோ கட்டுக் கட்டாகக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால், கொத்தும் வேலையில் கொஞ்சம் கீரையோடு முடிந்துவிடும்.

கருப்பியை விற்க வேண்டாம். அதை விற்றால் இரண்டாவது இடத்தில் இருப்பது கருப்பியாகிவிடும். சேர்க்கும் நாளில் கருப்பியைத் தனியாக எடுத்து, மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் நான்கு நாள் வையுங்கள். அந்த நான்கு நாளில் புதியவை இடத்தைப் பழகிக்கொள்ளும். திரும்பி வரும் கருப்பிதான் புதுக்கோழி போல நிற்கும். தன் பழைய இடத்தைப் பிடிக்கவே அதற்கு வேலை சரியாக இருக்கும்.

அடைக்கோழி, பிப்ரவரி 1

இந்த முறைக்குத் தொடர்பில்லாவிட்டாலும் அடுத்த முறைக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மாவின் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அடைவைத்த கோழி குஞ்சுகளோடு இறங்கும். எது நெருங்கினாலும் சிலிர்த்துக்கொண்டு பாயும். சேவலே ஒதுங்கிப் போகும். இரண்டு இரண்டரை மாதத்தில் தாய் அவற்றைக் கொத்தி விலக்கும்போது, குஞ்சுகளுக்குக் கூட்டத்தில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது முன்பே பழகியிருக்கும். நம் ஊரில் வெடையை வெளியிலிருந்து வாங்கிக் கூட்டத்தில் நுழைப்பது பொரிப்பகங்களும் கருவிப் பொரிப்பும் பெருகிய பிறகு வந்த வழக்கம். எது எதைக் கொத்தலாம், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்ற இந்த வரிசை கோழிகளுக்குள் இருப்பதை ஆராய்ந்து எழுதியவர் நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டரூப் எப்பே. சிறுவயது முதலே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து, 1921-இல் அதையே தம் ஆய்வாக அளித்தார். எங்கள் அம்மாவும் எது எதைக் கொத்தும், எது எதற்கு ஒதுங்கும் என்று ஒன்று விடாமல் சொல்வார். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

உங்களிடம் அடைக்கு உட்காரும் பெட்டை இருந்தால், அது 21 நாள் உட்கார்ந்து முடிக்கும் சமயத்தில் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை வாங்கி இரவில் அதன் அடியில் நழுவ விடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட குஞ்சு வேண்டாம். தாயும் ஏற்காது, குஞ்சும் ஒட்டாது. இதற்கு மட்டும் இரவு நல்ல நேரம்.

எலுமிச்சைத்தோட்டம், மார்ச் 24

நீண்ட நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படலாம்.

பிப்ரவரி முகாமில் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டேன். புதியவற்றை மொத்தம் 32 நாள் மாட்டுக் கொட்டகையிலேயே வைத்திருந்தேன். கடைசி வாரத்தில், களத்துமேடு ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டு, வயதான பெட்டைகளில் ஒன்றை மட்டும் அவற்றோடு விட்டேன். சுமந்து வந்த நோய் ஏதாவது இருந்தால் அந்த ஒன்றில் தெரியும் என்பது அவருடைய யோசனை. அது நலமாக இருந்தது. ஆறுக்கும் தானே தலைவி என்ற நினைப்பில் சற்றுக் கொழுத்தும் போனது.

பிறகு பஞ்சாரம். முதல் மூன்று நாள் மேட்டுக்காடு அக்கா எழுதியபடியே கருப்பி சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்பதாம் நாள் பஞ்சாரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குழி பறித்துப் படுத்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டது. பதினோராம் நாள் மாலை நான்கு மணிக்குக் கருப்பியைப் பிரித்து வைத்துவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கினேன். அடையும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் திறந்தால், சண்டை வந்தாலும் இருட்டு வந்து நிறுத்திவிடும் என்று நானாகவே கணக்குப் போட்டேன்.

சண்டை வரவே செய்தது. ஒரு கொத்து, நாலடி துரத்தல், அத்துடன் நின்றது. வெடை தலையைத் தாழ்த்திக்கொண்டு விலகியதும் பழைய பெட்டை திரும்பி மேயப் போய்விட்டது. ஒரே ஒரு முறை இரண்டு பெட்டைகள் சேர்ந்து ஒன்றை வேலியோரம் நெருக்கின; அது தென்னை மட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து எதுவும் நடக்காததுபோல் புழு தேடிக்கொண்டிருந்தது. சேவலைப் பற்றித்தான் அதிகம் பயந்தேன். அது வெடைகளைச் சீண்டவில்லை. இரண்டு பெட்டைகள் மூர்க்கமாகச் சண்டையிட்டபோது நடுவில் போய் நின்று விலக்கியது.

அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு வெடையின் கழுத்தடியையும் தொட்டுப் பார்த்தேன். நான்கின் இரைப்பை கைக்கு உருண்டையாகத் தட்டுப்பட்டது. இரண்டு வெறும் தோலாக இருந்தன. பகலில் அந்த இரண்டையும் பார்த்தால் தீனித் தட்டருகே நிற்கத்தான் செய்கின்றன. நிற்பது வேறு, உண்பது வேறு என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மறுநாள் எலுமிச்சை மரத்தடியில் நான்காவதாக ஒரு தட்டு வைத்தேன். மூன்றாம் இரவில் ஆறின் இரைப்பையும் நிறைந்திருந்தது.

கருப்பி ஐந்தாம் நாள் திரும்பியது. முதல் வேலையாகப் பழைய பெட்டை ஒன்றிடம் கொத்து வாங்கிக்கொண்டது. பழைய கோழிகளின் முட்டை ஒரு வாரம் பாதிக்கும் கீழே குறைந்து, இப்போது தேறி வருகிறது. எச்சத்தில் இரத்தம் எதிலும் காணவில்லை. காயம் பட்ட வெடைக்குத் தலையில் அந்த இடத்தில் மட்டும் இறகு வெள்ளையாக முளைத்திருக்கிறது.

மீதமுள்ள சிக்கல் ஒன்றுதான். ஐந்து வெடைகள் மாலையில் கூட்டுக்கு வந்துவிடுகின்றன. அந்த வெள்ளை இறகுக்காரி மட்டும் வராமல் எலுமிச்சை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. முள் கையைக் கிழிக்கிறது. விட்டுவிடலாமா?

மேட்டுக்காடு, மார்ச் 24

விட்டுவிடாதீர்கள் தம்பி. மரத்தில் அடையப் பழகிய கோழி பிறகு கூட்டுக்கு வராது. மரநாய்க்கு அது வசதி. முதல் இரவில் கொத்து வாங்கிய இடம் அதற்கு நினைவிருக்கும், அதனால் தயங்குகிறது. மற்றவை அடைந்து அரை மணி நேரம் கழித்து மரத்திலிருந்து எடுத்து, கம்பின் ஓரத்தில், அந்த வயதான பெட்டைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பத்து நாள் விடாமல் செய்ய வேண்டும். காலையில் ஐந்தே முக்காலுக்குக் கூட்டைத் திறந்துவிடுங்கள். மரத்தின் கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் உங்கள் கையும் தப்பும்.

எலுமிச்சைத்தோட்டம், மார்ச் 25

நேற்று அப்படியே செய்தேன். காலையில் திறந்தபோது கம்பிலேயே இருந்தது. கிளையை ஞாயிற்றுக்கிழமை கழிக்கிறேன்.